வைப்பினுக்குப் போன எண்ணெய்ச் சட்டி

விசாலாக்ஷி மாமி கிறிஸ்துமஸ் பலகாரம் செய்யக் கற்றுக்கொண்டது முழுக்க முழுக்கத் தந்திரத்தால்தான். நான் புறம் பேசுவதாக நினைக்க வேண்டாம், இதை மாமியே நாலு பேர் முன்னால் சொல்லுவார். தூண்டிலில் புழு வைக்காமல் மீன் வராது, அச்சப்பம் சுடாமல் பேரக்குழந்தை வராது என்பது அவருடைய கட்சி. மீன் வாசனையே ஆகாத மாமிக்கு இந்த உதாரணம் எங்கிருந்து கிடைத்தது என்று நான் கேட்டதில்லை.

மட்டாஞ்சேரியில் மாமியின் வீட்டு மாடியில் நானும் என் மனைவி சங்கரியும் வெகுகாலமாகக் குடியிருக்கிறோம். சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிட்டங்கியில் எனக்கு மேனேஜர் வேலை. பெயர் சங்கிலிப்பாண்டி. கேரளத்தில் தமிழனைக் கண்டாலே பாண்டி என்பார்கள். எனக்குப் பெயரே அதுவாக அமைந்துவிட்டதால் கோபப்படவும் வழியில்லை. மாடிக்குக் குடிவரும்போது மாமியின் கணவர் அனந்தநாராயணன் மாமா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மீனும் இறைச்சியும் வெளியே சாப்பிட்டுக்கொள்ளலாம், வீட்டில் சமைக்கக் கூடாது. இன்றுவரை அதை மீறவில்லை. கேக் மட்டும் உண்டு. அது எப்படி வந்தது என்பதைச் சொல்லுகிறேன்.

மாமிக்கு ஒரே பெண், ஸாதனா. எர்ணாகுளத்தில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கும்போது கூட வேலை பார்த்த பிராங்க்ளினைக் கல்யாணம் செய்துகொண்டாள். வைப்பின் தீவுக்காரன், கத்தோலிக்கன், நல்ல பையன். நல்ல பையன் என்பதெல்லாம் அன்றைக்கு யார் காதில் ஏறும்? ஸாதனா வைப்பினுக்குக் குடிபோனாள், மாமா அவளோடு பேச்சை நிறுத்தினார். சாயங்காலம் கோட்டைக் கொச்சிக் கடற்கரைக்கு நடக்கப் போனால், அக்கரையில் வைப்பின் தெரியும் என்று முகத்தைத் தெற்கே திருப்பிக்கொண்டு நிற்பார். அலீனா பிறந்த பிறகுதான் கழுத்து கொஞ்சம் வடக்கே திரும்பியது. பிறகு விக்டர் பிறந்தான். அவனை எல்லோரும் விக்கி என்றோம்.

குழந்தைகள் வந்தார்கள்தான். ஓணத்துக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் கிளம்பிவிடுவார்கள். விஷுவுக்கு வந்தால் கைநீட்டக் காசு வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இரவு தங்குவது என்பது கிடையாது. ஒரு மார்கழியில், நாலு வயது அலீனா வாசற்படியில் நின்று, “பாட்டி, இந்தாத்துலே ஸ்டார் இல்லையா? அச்சப்பம் இல்லையா?” என்று கேட்டாள். மாமிக்குச் சட்டென்று பொறி தட்டிவிட்டது.

அச்சப்பம் நம் ஊர் அச்சுமுறுக்குதான். தேங்காய்ப் பால் கூடும், பெயர் மாறும், அவ்வளவே. மாமி அச்சு வாங்கினார். அடுத்த டிசம்பரில் குழந்தைகள் இருபத்திரண்டாம் தேதி வந்து, இருபத்துநாலு மதியம் வரைக்கும் தங்கினார்கள். அன்றிலிருந்து வருடா வருடம் அதுவே வழக்கமாகிவிட்டது. அச்சைக் காய்ந்த எண்ணெயில் சுட வைத்து மாவில் முக்குவது அலீனாவின் வேலை. விளிம்புக்கு மேல் மாவு ஏறிவிட்டால் அப்பம் அச்சை விட்டு வராது, பூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கு ஆறு வயதிலேயே அவளுக்குக் கைவந்துவிட்டது. குழலப்பத்தைக் குச்சியில் சுற்றுவது விக்கியின் வேலை. சுற்றியதில் பாதி அவன் வயிற்றுக்குள் போகும். கேக்குக்கு மட்டும் மாமியிடம் வழியில்லை, முட்டை ஆகாது. திரட்டுப்பாலைக் கிண்டி, டிபன் டப்பாவில் அமுக்கிக் கவிழ்த்து, உச்சியில் ஒரு செர்ரிப் பழம் வைத்து, “இதாக்கும் நம்பாத்துக் கேக்” என்பார். குழந்தைகள் அதற்கும் மெழுகுவர்த்தி ஏற்றிக் கை தட்டினார்கள்.

நிஜக் கேக் கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு வைப்பினிலிருந்து வரும். பிராங்க்ளினின் அம்மா திரேசியா ஆண்டுதோறும் ஒன்று கொடுத்துவிடுவார். மாமி இரண்டு கையாலும் மரியாதையாக வாங்கி, நேரே மாடிக்கு அனுப்பிவிடுவார். சம்பந்தி வீட்டுக் கேக் எப்படி இருந்தது என்று ஸாதனா போனில் கேட்டால், “பிரமாதம்” என்று மாமி சொல்லுவார். சொல்லும் முன் ஒரு முறை சங்கரியைப் பார்த்துக்கொள்வார்.

நட்சத்திர விளக்குக்கு மாமா கொல்லைப்புறம் மட்டுமே அனுமதி கொடுத்தார். இரண்டாம் வருடமே குழந்தைகள் அதை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கீழே மார்கழிக் கோலம், மேலே காகித நட்சத்திரம். மாமா விடியற்காலையில் எழுந்து வந்து பார்த்தார். “பல்பு எத்தனை வாட்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

போன ஆடியில் மாமா காலமானார். பெரிய நோய் ஒன்றும் இல்லை. மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. மாமி எங்கள் யார் முன்னாலும் அழவில்லை. ஆக வேண்டிய காரியங்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்தார். ஒரு வருடம் பண்டிகை கிடையாது. தீபாவளிக்கு வீடு இருட்டாகவே இருந்தது.

நவம்பர் கடைசியில் ஸாதனாவிடமிருந்து போன் வந்தது. “அம்மா, இந்த வருஷம் ஆத்துலே பலகாரம் ஒண்ணும் கெடையாதே. கொழந்தேள் இங்கயே இருக்கட்டும். அலீனாவுக்குப் பத்தாம் கிளாஸ், ட்யூஷன் வேற. நீ செரமப்பட வேண்டாம் கேட்டியா.” அம்மாவுக்கு வேலை குறையட்டும் என்றுதான் சொன்னாள். நல்ல எண்ணத்தில் சொல்வதுதான் பல சமயம் அதிகமாக வலிக்கிறது.

மாமி மாடிப்படி பாதிவரை ஏறி வந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார். “பாண்டி, ஒரு வருஷம் விட்டுப் போச்சுன்னா விட்டுப் போனதுதான். அவளுக்குப் பதினஞ்சு ஆயாச்சு. பதினாறிலே அவ எதுக்கு இந்தக் கெழவியைத் தேடிண்டு வரப்போறா? விக்கி, அக்கா வாலைப் பிடிச்சுண்டு போறவன். ரெண்டு நாள்தான் எனக்கு வருஷத்துக்கு. அதுவும் போறது.”

“அப்படில்லாம் ஆகாது மாமி,” என்றேன். ஆகும் என்று எனக்கே தெரிந்தது. எங்கள் அக்கா பிள்ளைகள் அப்படித்தான் நின்றுபோனார்கள்.

டிசம்பரில் மாசிகம் வந்தது. முதல் வருடம் மாதாமாதம் இறந்தவருக்குச் செய்கிற காரியம். அதற்கென்று திருப்பூணித்துறையிலிருந்து மாமாவின் தம்பி வெங்கிட்டு பஸ்ஸில் வருவார். குடும்பத்தில் ஆசாரத்துக்கு அவர்தான் ஹைகோர்ட். தீர்ப்புச் சொன்னால் அப்பீல் கிடையாது. அன்று சாப்பாட்டுக்குப் பிறகு, எங்களையும் வைத்துக்கொண்டு மாமி கேஸை எடுத்தார்.

“வெங்கிட்டு, கிறிஸ்மஸ் நம்ப பண்டிகையா?”

“என்ன மன்னி, இது ஒரு கேள்வியா? அல்லவே அல்ல.”

“அப்போ அதுக்குப் பலகாரம் பண்ணினா தோஷமில்லையே?”

வெங்கிட்டு யோசித்தார். “பண்டிகை இல்லேன்னா பலகாரம் எதுக்காக்கும்?”

“கொழந்தேளுக்கு.”

“மன்னி, பண்டிகை யாரோடதா வேணும்னாலும் இருக்கட்டும். சட்டி நம்மளோடதாக்கும். வருஷாப்திகம் ஆகற வரைக்கும் பலகாரத்துக்குன்னு இந்த ஆத்து அடுப்பிலே எண்ணெய் காயப்படாது.”

“இன்னிக்கு வடை சுட்டோமே?”

“அது பித்ருக்களுக்கு.”

“போனவாளுக்கு வடை உண்டு, இருக்கறவாளுக்கு அச்சப்பம் கெடையாதா?” மாமி இதைச் சாதாரணமாகத்தான் கேட்டார். வெங்கிட்டு வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடினார். கெட்ட மனுஷர் இல்லை. தெரிந்ததை விட்டுக்கொடுக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

சங்கரிக்குப் பொறுக்கவில்லை. “எங்க அடுப்புல வச்சுக்கிடுங்க மாமி. மாடியிலதான இருக்கு.”

“கூரை ஒண்ணுதானே அம்மா,” என்றார் வெங்கிட்டு.

“வேற கூரையானா?” என்று மாமி கேட்டார்.

“அது அவா அவா பாடு.”

மாமி மைத்துனருக்கு மோர் கொண்டுவந்து கொடுத்து, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நினைவூட்டினார். கேஸ் முடிந்துவிட்டது என்று வெங்கிட்டு நினைத்துக்கொண்டு போனார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலையில் மாமி சொன்னார்: “பாண்டி, இருபத்திரண்டாம் தேதி நீ லீவு போடு. வைப்பினுக்குப் போறோம். திரேசியா ஆத்துலே சட்டி வைக்கப் போறேன்.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த வீட்டுக்கு மாமி போயிருப்பது ஒரே ஒரு தடவை, அலீனாவின் ஞானஸ்நானத்துக்கு. அன்றைக்கும் முன்னறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண் முன்னால் வெட்டிய இளநீர் மட்டும் குடித்துவிட்டு வந்தார். உள்ளே அடுக்களைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடலோரத்துக்காரர்கள், மூன்று வேளையும் மீன் கொதிக்கிற அடுக்களை. அந்த அடுப்பில் போய் இவர் அச்சப்பம் சுடுவதா? அதுவும் மாமா போய் வருடம் திரும்பாமல், வீட்டை விட்டு வெளியே?

“வெங்கிட்டு சார்கிட்டக் கேட்டீயளா மாமி?”

“கேட்டாத்தானே வேண்டாம்னு சொல்லுவான்,” என்றார் மாமி.

போனோம். மாமியிடம் ஒரு துணிப்பை. அதில் தன் வீட்டு வாணலி, அச்சு, ஜல்லிக் கரண்டி, இடித்துச் சலித்த பச்சரிசி மாவு. தேங்காயெண்ணெய் டின் என் கையில். அடுப்பைத் தவிர அந்த வீட்டுப் பொருள் ஒன்றையும் தொடுவதில்லை என்பது திட்டம். கோட்டைக் கொச்சி ஜெட்டியில் ஜங்கார் என்கிற வண்டிப் படகில் ஏறினோம். கார்களுக்கும் ஸ்கூட்டர்களுக்கும் நடுவில் மாமி வாணலியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். மாமா முகத்தைத் திருப்பிக்கொண்ட திசையில்தான் ஜங்கார் போய்க்கொண்டிருந்தது. மாமி பயந்துபோயிருந்தார் என்று எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது.

திரேசியா வாசலுக்கே ஓடி வந்தார். “எந்தினா மாமி சட்டி? இவிடெ சட்டி இல்லாஞ்ஞிட்டோ?” என்று, இங்கே சட்டிக்கா பஞ்சம் என்கிற மாதிரி, பையைப் பிடுங்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். மாமி வேறு வழியில்லாமல் பின்னாலேயே போனார். அடுக்களை நிலைப்படியில் நின்று, புடவைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு மூச்சு இழுத்தார். தலைப்பை இறக்கிவிட்டு இன்னொரு மூச்சு இழுத்தார்.

“வாசனையே இல்லையே,” என்றார் என்னிடம், மெல்ல.

“என்ன வாசனை மாமி?” திரேசியாவுக்குக் காது கூர்மை.

மாமி நெளிந்தார். பொய் வரவில்லை. “மீன்,” என்றார்.

“இப்போ எங்ஙனெ மீன் வரும்? நோயம்பல்லே! ஒண்ணாம் தீயதி தொட்டு இருபத்தஞ்சு நாள். மீனில்ல, எறச்சியில்ல, முட்டை போலும் இல்ல.”

“நோன்பா? எல்லா வருஷமுமா?”

“கல்யாணம் கழிஞ்சு இந்த வீட்டில் கேறிய அன்னு தொட்டு.”

மாமி நிலைப்படியிலேயே சாய்ந்துகொண்டார். இத்தனை வருடமும் டிசம்பர் மாதத்தில், இந்த அடுக்களையை நினைத்தாலே அவர் முகம் சுளித்திருக்கிறார். அந்த நாட்களில் இங்கே வெறும் பருப்பும் பயறும்தான் வெந்திருக்கின்றன. ஒரு முட்டை ஓடு கூட இல்லை. மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத் தோன்றவில்லை. நமக்குத்தான் விரதம் உண்டு என்று நாம் எல்லோருமே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

“நான் மஹாபாவி திரேசியா,” என்றார் மாமி. “இங்க எப்பவும் மீன் கொதிக்கறதுன்னு நெனைச்சுண்டிருந்தேன்.”

“ஜனவரியில் வா மாமி, கொதிக்கும்,” என்றார் திரேசியா. சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். மாமியும் சிரித்துவிட்டார். அதன் பிறகு திட்டமெல்லாம் காற்றில் போயிற்று. மாமி தன் வாணலியைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. திரேசியாவின் பெரிய உருளியில் எண்ணெய் ஊற்றினார்கள். தேங்காய்ப் பால் எடுத்ததும் அந்த வீட்டு மிக்ஸியில்தான்.

அலீனா போனும் கையுமாக மூலையில் நின்றாள். வயசு அப்படி. முதல் நாலைந்து அச்சப்பம் திரேசியா கையில் பூட்டிக்கொண்டு, பிய்ந்து வந்தது. அவர் எந்நாளும் பேக்கரியில் வாங்குகிறவர், பழக்கம் இல்லை. ஐந்தாவது பிய்ந்ததும் அலீனாவுக்குப் பொறுக்கவில்லை. போனை ஜன்னலில் வைத்துவிட்டு, “தா அம்மச்சி,” என்று அச்சை வாங்கிக்கொண்டாள். அப்புறம் அவள் ராஜ்ஜியம்தான். விக்கி குழலப்பம் சுற்றினான், தின்றான். பிராங்க்ளின் நின்ற வாக்கிலேயே சுடச்சுட எடுத்துத் தின்று, மாமியாரிடம் திட்டு வாங்கினான். ஸாதனா ஒரு ஓரமாக உட்கார்ந்து, தன் அம்மாவும் மாமியாரும் ஒரே அடுப்பின் முன்னால் வியர்த்து வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பலகாரம் நான்கு டின் ஆயிற்று. வெங்கிட்டுவின் சட்டம் ஒரு எழுத்துக்கூட மீறப்படவில்லை. ஜெயித்தாயிற்று என்று எனக்கு ஏக சந்தோஷம்.

அப்போதுதான் விக்கி அதைச் சொன்னான். வாய் நிறையக் குழலப்பத்தோடு சொன்னான்.

“பாட்டி, அப்போ மட்டாஞ்சேரிக்கு இனி போகவே வேண்டாம் அல்லே? எல்லா வருஷமும் இங்க பண்ணினாப் போறுமே!”

“அதானே!” என்றார் திரேசியா. “மாமி இனி எல்லாக் கிறிஸ்மஸுக்கும் இங்ஙோட்டு வந்நா மதி. பிள்ளைகளெ அங்ஙோட்டும் இங்ஙோட்டும் அலைக்கண்டா.”

“ஈஸியாக்கும்,” என்றாள் அலீனா, அச்சை எண்ணெயில் உதறிக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். மாமியும் கூடச் சிரித்தார். ஆனால் ஜல்லிக் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. எண்ணெயில் கிடந்த அச்சப்பம் சிவந்து, கறுத்துப்போயிற்று. யாரும் அதை எடுக்கவில்லை. ஒரு வருடம் விட்டுப்போகக் கூடாதே என்று வந்தவர், இனி வரப்போகிற எல்லா வருடத்தையும் தன் கையாலேயே கொண்டுவந்து இங்கே இறக்கிவைத்துவிட்டார். பிள்ளைகள் மேல் குற்றமில்லை. பலகாரம் எங்கேயோ அங்கே அவர்கள். அப்படிப் பழக்கியதே மாமிதானே?

வெயில் தாழ்ந்ததும் கிளம்பினோம். ஜெட்டிக்குப் போக பிராங்க்ளின் ஆட்டோ கூப்பிட்டிருந்தான். வாசலில் எல்லோரும் வந்து நின்றார்கள். மாமி ஆட்டோவில் ஒரு காலை வைத்தவர் இறங்கிவிட்டார். அலீனாவின் எதிரில் வந்து நின்றார்.

“அலீனா, நம்பாத்துக்கு வரயா?”

“இப்பவா? இங்கதானே எல்லாம் பண்ணியாச்சு பாட்டி. அங்க என்ன உண்டு?”

“ஒண்ணுமில்லே,” என்றார் மாமி. “ஸ்டார் கெடையாது. பலகாரம் கெடையாது. எண்ணெய் வைக்கப்படாது. டிவி வேலை செய்யல்லே. தாத்தாவும் இல்லே. நான் மாத்திரம்தான் இருக்கேன். சாயங்காலம் ஆனா ஆத்துலே சத்தமே இல்லேடி, எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு நாள் சும்மா வந்து இரேன்.”

அத்தனை வருடத்தில் மாமி யாரிடமும் எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. தந்திரம் உண்டு, கேஸ் உண்டு, திரட்டுப்பால் கேக் உண்டு. கேட்டது கிடையாது.

“அம்மா, அவளுக்கு ட்யூஷன்...” என்று ஸாதனா ஆரம்பித்தாள்.

அலீனா திரும்பி உள்ளே போய்விட்டாள். விக்கி, கிறிஸ்துமஸ் குடில் கட்டுகிற புல்கூட்டுப் போட்டி இருக்கிறது என்று சொல்லி அம்மா பின்னால் ஒளிந்துகொண்டான். பாவம், அவனுக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. மாமி அவன் தலையைத் தடவிவிட்டு ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தார்.

“போறது, விடு பாண்டி. நீயும் ஏறு. ஜங்கார் கூட்டமாயிடும்.”

டிரைவர் வண்டியைக் கிளப்பினான். அப்போது அலீனா படி இறங்கி வந்தாள். தோளில் ஸ்கூல் பேக், அதில் ஒரு மாற்றுடையின் கை வெளியே தொங்கியது. சார்ஜர் ஒயரை உள்ளங்கையில் சுற்றிக்கொண்டே வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

“நகர்ந்து உக்காரு பாட்டி,” என்றாள்.

மாமி நகர்ந்தார். அழுதுகொண்டேதான் நகர்ந்தார்.